மண்குதிரையை நம்பி இறங்கிய ஊர்கள்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கமோ, சிவகங்கையிலிருந்து சிங்கம்புணரிப் பக்கமோ பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு மரக்கூட்டம். அதற்குள் நுழையும் பாதையின் இருபுறமும் வரிசை வரிசையாக மண்குதிரைகள். முன்னால் நிற்பவற்றில் சுண்ணாம்பும் காவியும் இன்னும் பளிச்சென்று இருக்கும். உள்ளே போகப் போக வண்ணம் போய், காது போய், தலை போய், கடைசியில் நான்கு கால்கள் மட்டும் புல்லுக்குள் நின்றுகொண்டிருக்கும். அதற்கும் பின்னால் வெறும் ஓட்டுக் குவியல்.

முதல்முறை பார்க்கிற வெளியூர்க்காரர், இவ்வளவு அழகான வேலைப்பாட்டை இப்படிக் கவனிப்பாரற்றுப் போட்டிருக்கிறார்களே என்று வருத்தப்படுவார். ஊர்க்காரருக்கு அதில் வருத்தம் கிடையாது. அய்யனாருக்கு மண்குதிரை செய்து ஊர்வலமாகத் தூக்கிப்போய்க் கொடுக்கிற புரவி எடுப்பு முடிந்து, குதிரை அவர் வாசலில் இறக்கப்பட்ட அன்றோடு அதற்கு மனிதர்கள் செய்ய வேண்டியது முடிந்தது. பழுது பார்ப்பதில்லை, வண்ணம் புதுப்பிப்பதில்லை, உடைந்ததை அப்புறப்படுத்துவதும் இல்லை. அடுத்த எடுப்புக்கு அடுத்த குதிரை வரும்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த ஊர்களோ தலைமுறை தலைமுறையாக மண்குதிரையை நம்பித்தான் பெரிய செலவில் இறங்குகின்றன. உதிர்ந்து போகும் என்று நன்றாகத் தெரிந்தே இறங்குகின்றன. இந்த ஏற்பாடு இத்தனை காலம் ஓடியதற்கு அந்த உதிர்தலே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அதைப் புரிந்துகொள்ள பக்தியை மட்டும் பார்த்தால் போதாது. கண்மாய், களம், ஊர்க்கணக்கு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்மாய் வற்றும் காலம்

புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் புதுக்கோட்டையின் ஒரு மூலையைத் தொடுகிறது. வைகை சிவகங்கையின் ஒரு பக்கத்தை நனைக்கிறது. மற்றபடி கண்மாய்தான் கதி. புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் சிறிதும் பெரிதுமாக 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அவற்றை நிரப்பும். அந்தத் தண்ணீரில் ஒரு போகம் நெல். தையிலும் மாசியிலும் அறுவடை. பங்குனி பிறந்து வெயில் ஏறினால் கண்மாய் அடித்தரை தெரிய ஆரம்பிக்கும்.

குதிரை செய்கிற வேளாருக்கு, அதாவது குயவருக்கு, அங்கிருந்துதான் ஆண்டு தொடங்குகிறது. தண்ணீர் நிற்கும்வரை கண்மாய்க்குள் கிடக்கும் களிமண்ணை யாரும் தொட முடியாது. வற்றிய பிறகுதான் வெட்ட முடியும். களிமண்ணோடு கலக்க உமியும் பதரும் வேண்டும். அறுவடை முடிந்த களத்தில் அவை அப்போது குவிந்து கிடக்கும். சூளைக்கு வைக்கோலும் வரட்டியும் வேண்டும். அவையும் அப்போதுதான் மிஞ்சும். செய்த உருவம் காய நல்ல வெயில் வேண்டும்; சித்திரை, வைகாசியைவிட நல்ல வெயிலுக்கு எங்கே போவது? குதிரையைத் தூக்க ஆள் வேண்டும். வயலில் வேலை இல்லாத மாதங்கள் இவை. அடுத்த மழை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதனால்தான் புரவி எடுப்புகள் பெரும்பாலும் வைகாசி தொடங்கி ஆடி, ஆவணி வரை வருகின்றன.

இந்த நாட்களை ஏதோ ஒரு பஞ்சாங்கக்காரர் உட்கார்ந்து குறித்துக் கொடுத்ததாகத் தோன்றவில்லை. மண், உமி, வைக்கோல், வெயில், ஆள் ஐந்தும் ஒன்றாகக் கைக்கு வருகிற சில மாதங்களில் விழா தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது என்றே தோன்றுகிறது.

அய்யனாரும் கண்மாயைவிட்டு விலகியவர் அல்ல. பல ஊர்களில் அவர் இருப்பிடமே கரையில்தான். அவருடைய பெயர்களைக் கேட்டாலே வேலை என்னவென்று தெரிந்துவிடும். இராஜபாளையம் அருகே நீர்காத்த அய்யனார். இராமநாதபுரம் பக்கம் நிறைகுளத்து அய்யனார். இன்னும் அடைக்கலம் காத்தவர், சிறைமீட்டவர் என்று ஊருக்கு ஒரு பெயர். இரவில் குதிரையேறி எல்லையைச் சுற்றி வருகிறவர் என்பது நம்பிக்கை. அவருக்கு ஏற வாகனம் வேண்டும். அதைக் கொடுப்பது ஊரின் கடமை. எடுப்பு நடக்கிற ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், மழை பெய்து விவசாயம் செழிக்க வேண்டும் என்பதுதான்.

மழையை வேண்டி எடுக்கிற குதிரைக்கு முன்பருவத்து மழையே மூலதனம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் களத்தில் நெல் இருக்காது, வைக்கோல் இருக்காது, எடுப்புக்கு ஊர் வரி கொடுக்க வீட்டில் காசும் இருக்காது. வேண்டுதல் மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் அதை நிறைவேற்றும் வசதி மிகவும் குறைவு. எடுப்பை எல்லா ஊரும் ஆண்டுதோறும் நடத்துவதில்லை. சில ஊர்களில் ஆண்டுக்கு ஒன்று; பல ஊர்களில் விளைச்சலும் கையிருப்பும் ஊர் ஒற்றுமையும் கூடிவருகிறபோது ஒன்று. இந்த நெகிழ்வு இல்லாவிட்டால் வழக்கமே எப்போதோ நின்றுபோயிருக்கும்.

ஒரு பிடி மண்

ஊர்ப் பெரியவர்கள் மந்தை எனப்படும் ஊர்ப் பொது இடத்தில் கூடி எடுப்பு நடத்துவது என்று முடிவு செய்ததும் செய்கிற முதல் வேலை பிடிமண் கொடுப்பது. வெற்றிலை பாக்கு, முன்பணம், அவற்றோடு ஒரு பிடி மண். இதை வேளார் கையில் முறைப்படி கொடுப்பார்கள். அவர் அந்த மண்ணைத் தான் வெட்டி வைத்திருக்கும் களிமண்ணோடு சேர்த்துப் பிசைவார்.

பார்க்க சின்னச் சடங்கு. ஆனால் அந்த ஒரு பிடியோடு அது கடைச் சரக்கு என்ற நிலையிலிருந்து விலகிவிடுகிறது. பானையை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். பிடிமண் வாங்கிய குதிரை, செய்யத் தொடங்கும் முன்பே இன்ன ஊருடையது, இன்ன சாமியுடையது. வேளாரும் வெறும் கைவினைஞர் அல்ல. இந்த வட்டாரத்தில் பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவரே. உருவத்தைச் செய்கிறவரும், அதற்குக் கண் திறக்கிறவரும், பிறகு அதன் முன்னால் நின்று தீபம் காட்டுகிறவரும் ஒருவரே. மதுரை வட்டாரத்து வேளார்களிடையே தங்கி ஆய்வு செய்து 1980-களில் எழுதிய கனடிய மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ், படைப்பதும் உயிரேற்றுவதும் ஒரே சமூகத்தின் கையில் இருப்பதையே தம் ஆய்வின் மையமாக எடுத்துக்கொண்டார். வேறு பல இடங்களில் சிற்பி ஒருவர், குருக்கள் இன்னொருவர் என்று பிரிந்துவிட்ட வேலை இங்கே பிரியவில்லை.

கூலி விஷயமும் பழைய நாளில் ரொக்கத்தில் அடங்கவில்லை. அறுவடைக் களத்தில் தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், குயவர் என்று ஊர் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் நெல்லில் ஒரு பங்கு ஒதுக்கப்படும். அதற்குச் சுதந்திரம் என்று பெயர். சில இடங்களில் மானிய நிலமும் உண்டு. ஆண்டு முழுவதும் வீட்டுக்குத் தேவையான சட்டியும் பானையும், விழாவுக்குக் குதிரையும் அந்தப் பங்குக்கு ஈடு. இந்த முறையை இன்றைக்குச் சிலாகித்துப் பேசுகிறவர்கள் உண்டு. பங்கு எவ்வளவு என்று தீர்மானித்தவர் களத்துக்குச் சொந்தக்காரர், வாங்கியவர் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சிலாகிக்கலாம். நெல்லுப் பங்கு மறைந்து ரொக்கம் வந்தபோது வேளார் வீடுகளில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கவில்லை.

காலில் தொடங்கி கண்ணில் முடியும் வேலை

பெரிய குதிரை சக்கரத்தில் முழுசாக வருகிற பொருள் அல்ல. அது நின்ற இடத்திலேயே வளர வேண்டும்.

களிமண்ணை உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். இந்த மிதியில்தான் பாதி வேலை. பெண்களின் உழைப்பு மிகுதியாகப் போவதும் இங்கேதான்; சக்கரம் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்ததால் வெளியில் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. உமி எதற்கு என்றால், சூட்டில் அது எரிந்து போய் மண்ணுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும். சூடாகும்போது நீராவி வெளியேற அந்தத் துளைகள் வழி கொடுக்கும். தடித்த சுவர் வெடிக்காமல் இருக்க அது முக்கியம்.

முதலில் நான்கு கால்கள். உள்ளே கூடான உருளைகளாக அவற்றை நிறுத்தி, ஓரளவு இறுகவிட வேண்டும். இறுகாத காலின்மேல் வயிற்றை ஏற்றினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ புது மண் அதன்மேல் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பதத்தை விரலால் அழுத்திப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். பிறகு திரித்த மண்ணை வளையம் வளையமாக ஏற்றி வயிறும் நெஞ்சும். உட்புறம் ஒரு கையால் அணைத்துக்கொண்டு வெளிப்புறம் தட்டுப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கனம் ஏறுமாறாக இருந்தால் சூளையில் தெரிந்துவிடும். உருவம் பெரிதாக இருந்தால் வயிற்றுக்கு அடியில் ஒரு முட்டு. வாயிலும் வயிற்றிலும் காற்றுப் போக ஓட்டைகள். கழுத்து, தலை, காது எல்லாம் கடைசியில். மிகப் பெரிய குதிரைகளுக்குத் தலையைத் தனியாகச் சுட்டு வைப்பதும் உண்டு.

அதற்குப் பிறகு அலங்காரம். நெற்றிப் பட்டம், கழுத்து மணிச்சரம், சேணம், கடிவாளம் எல்லாமே மண்ணில் உருட்டி ஒட்டியவை. ஒரே வேளார் குடும்பம் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி செய்வதில்லை. இன்ன ஊர்க் குதிரைக்கு இன்ன மாதிரி மணி என்று வழக்கம் இருக்கும், அதை மாற்றினால் ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில் வேளார் பயப்படுகிற ஒரே ஆள் கோடை மழை. சுடாத மண் மீது ஒரு நல்ல மழை விழுந்தால் வாரக்கணக்கான வேலை சேறாகிவிடும். ஊர் முழுவதும் மழைக்காக வேண்டிக்கொண்டிருக்க, அந்த வேண்டுதலைச் செய்துகொடுக்கிறவர் மட்டும் இன்னும் சில நாள் பெய்யக்கூடாது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காய்ந்ததும் சூளை. பெரிய குதிரையை நகர்த்திச் சூளைக்குக் கொண்டுபோக முடியாது. குதிரையைச் சுற்றியே சூளை கட்ட வேண்டும். விறகு, வரட்டி, தேங்காய்மட்டை அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி, அதன்மேல் சேறு பூசி மூடுவார்கள். புகை போக அங்கங்கே துளை. தீ மெதுவாக ஏற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். சத்தம் கேட்டால் எது போயிற்று என்று வெளியிலிருந்து தெரியாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இந்தச் சூட்டில் வெந்த மண் பீங்கான் மாதிரி இறுகுவதில்லை. தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் விரியும், பாசி ஏறும், வேர் நுழையும். மரக்கூட்டத்துக்குள் பின்வரிசைக் குதிரைகள் படிப்படியாக உதிர்வதற்குக் காரணம் இதுதான்.

எடுப்பு நாளன்று ஊரார் மேளதாளத்தோடு, குதிரைகள் செய்து வைத்திருக்கும் குதிரைப் பொட்டலுக்கு வருவார்கள். வேட்டியும் மாலையும் சாத்திய குதிரைகள் வரிசையாக நிற்கும். கண் திறப்பு மட்டும் பாக்கி இருக்கும். வேளார் அதைச் செய்து முடித்த பிறகு அந்த உருவத்தின்மேல் அவருக்கு உரிமை ஏதும் இல்லை. மூங்கில் கழிகளை வைத்துக் கட்டிய குதிரையை ஆட்கள் தோளில் ஏற்றுவார்கள். பல ஊர்களில் முதல் நாள் மந்தைவரை வந்து தங்கி, மறுநாள்தான் கோயிலுக்குப் புறப்பாடு. முன்னால் சாமியாடிகள்.

யார் கொடுக்கலாம்?

எடுப்பில் வருகிற குதிரைகள் இரண்டு வகை. ஒன்று ஊர்ப் பொதுவில் எடுப்பது. சிவகங்கைப் பக்கம் இதை அரண்மனைப் புரவி என்பார்கள். சமஸ்தானங்கள் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் குதிரையின்மேல் ஏறிக்கொண்டு வருகிறது. மற்றது நேர்த்திக்கடன் புரவி. நோய் தீர்ந்தவர், வழக்கில் ஜெயித்தவர், வெளிநாட்டு வேலை கிடைத்தவர் தனித்தனியாக நேர்ந்துகொண்டு எடுப்பது. பிள்ளை வரம் கேட்டவர்கள் மதலை எடுப்பார்கள். மண்ணால் செய்த குழந்தை உருவம். மாடு பிழைத்ததற்குக் காளை. கை கால் வலி தீர்ந்ததற்குக் கையும் காலும். இவையெல்லாம் ஊர்க் குதிரைக்குப் பின்னால் ஒரே ஊர்வலமாகப் போகும்.

பொதுப் புரவிக்கான செலவு தலைக்கட்டு வரியில் வரும். திருமணமான ஆண் ஒருவரைத் தலையாகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டு. நூறு ஏக்கர்க்காரருக்கும் குடிசைக்காரருக்கும் ஒரே தொகை என்பதுதான் பொது வழக்கம். வரி என்கிற கண்ணோடு பார்த்தால் இது அநியாயம். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சுமை. ஆனால் ஊர் இதை வேறு கண்ணோடு பார்க்கிறது. ஒரே தொகை கொடுத்தவருக்கு விழாவில் ஒரே பாத்தியதை. பணக்காரர் ஆசைப்பட்டு மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலும் ஊர் சம்மதிக்கத் தயங்குவது இதனால்தான். அவர் தனியாக அன்னதானம் போடலாம், பந்தல் போடலாம், நேர்த்திக்கடனுக்கு நாலு குதிரை எடுக்கலாம். ஊர்ப் புரவியில் அவர் பங்கு ஒரு தலைக்கட்டுதான்.

இதன் மறுபக்கம் கசப்பானது. கொடுப்பது உரிமை என்றால், வாங்க மறுப்பது தண்டனை. ஒரு குடும்பத்தை ஊர்விலக்கம் செய்யும்போது முதலில் நடப்பது அவர்களிடம் வரி வாங்காமல் விடுவதுதான். சாதி மாறித் திருமணம், நிலத் தகராறு, தேர்தல் பகை என்று எது வேண்டுமானாலும் காரணமாகலாம். பட்டியல் சாதித் தெருக்களிடம் வரியே கேட்காத ஊர்கள் உண்டு. கேட்காததைச் சலுகை என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிக்கொள்வார்கள். அந்தத் தெருக்காரருக்கு அது என்னவென்று தெரியும். யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டையில் விழா நின்றுபோவதும், வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போவதும் இந்தப் பகுதியில் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேரோட்டம் பல ஆண்டுகள் நின்றுபோய், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு 2024 ஜூனில்தான் மீண்டும் நடந்தது. அது தேர், இது புரவி; வடத்தை யார் தொடுவது, கழியை யார் தூக்குவது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். ஊர் ஒற்றுமை என்று விழா அழைப்பிதழில் போடுகிற சொல்லை இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் அளந்து பார்ப்பேன்.

இதே வட்டாரத்தில், இதே ஆடி மாதத்தில் இன்னொரு விதமான கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி பக்கத்து மொய் விருந்து. ஒருவர் விருந்து வைப்பார், ஊரும் உறவும் வந்து சாப்பிட்டு மொய் எழுதும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வரும். வாங்கியதைப் பின்னால் அவரவர் விருந்தில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். எல்லாம் நோட்டில் இருக்கும். கிணறு வெட்டவும் கடை வைக்கவும் பிள்ளை படிக்கவும் இந்தப் பணம் உதவியிருக்கிறது. ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனபோது திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அடுத்து கொரோனா. நோட்டில் எழுதின கணக்கு நோட்டிலேயே நின்றது. தலைக்கட்டு வரியில் இந்தச் சிக்கல் கிடையாது. யாரும் யாருக்கும் கடனாளி இல்லை, எல்லோரும் அய்யனாருக்குக் கடனாளி. அவர் வட்டி கேட்பதில்லை, ஓர் ஆண்டு தள்ளிப்போட்டாலும் பொறுத்துக்கொள்கிறார்.

பெண்கள் எடுக்கும் முளைப்பாரி இந்தக் கணக்குகளுக்குள் வராத கொடை. எருவும் வைக்கோலும் போட்ட மண்சட்டியில் நவதானியம் விதைத்து, வெயில் படாத அறையில் வளர்த்து, இரவில் கும்மி கொட்டி, கடைசியில் தலையில் சுமந்து போய் நீரில் கரைத்துவிடுவார்கள். வெளிச்சம் படாததால் பயிர் வெளிறிய மஞ்சளாக, உயரமாக வரும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கப் போகிற ஊருக்கு, வீட்டிலிருக்கும் விதை முளைக்குமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். இதுவும் வளர்த்து, சுமந்து, கரைத்துவிடுகிற பொருள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிமெண்டும் காகிதமும்

சில ஊர்களில் மண்குதிரை இருந்த இடத்துக்குச் சிமெண்டுக் குதிரை வந்துவிட்டது. அது ஒருமுறை கட்டினால் நிற்கும். வெளிநாட்டில் சம்பாதிக்கிற ஒரு குடும்பம் மொத்தமாகச் செலவு செய்து கட்டி, கீழே கல்வெட்டில் உபயதாரர் பெயர் போட்டுவிடலாம். மண்குதிரையில் பெயர் பொறிக்க யாரும் மெனக்கெட்டதில்லை; பொறித்தாலும் பெயர் குதிரையோடு போய்விடும். அதனால்தான் சிமெண்டு வந்த இடத்தில் மாறுவது பொருள் மட்டுமல்ல. பிடிமண் கொடுக்கத் தேவையில்லை, சூளை தேவையில்லை, தூக்க ஆள் தேவையில்லை, அடுத்த தடவை என்று ஒன்று தேவையில்லை. தலைக்கட்டு வரி வண்ணமடிக்கும் செலவாகச் சுருங்குகிறது.

ஆனாலும் ஊர் சும்மா இருப்பதில்லை என்பதற்குக் கீரமங்கலம் அருகே குளமங்கலத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் நிற்கும் குதிரை 33 அடி உயரம். வெள்ளைக் குதிரை, காலம் காலமாக நிற்கிற உருவம். மண்குதிரை மாதிரி ஆண்டுக்கு ஆண்டு புதிதாகச் செய்து கொடுக்க முடியாது. அங்கே மக்கள் கண்டுபிடித்த வழி, மாலை. மாசி மகத்தன்று குதிரையின் உயரத்துக்கே தொங்குகிற பிரம்மாண்டமான காகிதப் பூ மாலைகளைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து சாத்துகிறார்கள். கார், வேன், டிராக்டர் என்று மாலைகள் வண்டியில் வரும். ஆயிரக்கணக்கான மாலைகள் ஏற ஏறக் குதிரையே தெரியாமல் மறைந்துவிடும். மாசி நெருங்கும்போது சுற்றுவட்டார மாலை கட்டுகிறவர்களுக்கு இரவும் பகலும் வேலை. வண்ணக் காகிதத்தை வெட்டி, மடித்து, பூவாக்கி, கயிற்றில் கோத்து, முப்பதடிக்குச் சீராகக் கட்டுவது சாமானிய வேலை இல்லை. விழா முடிந்ததும் அத்தனையும் இறங்கிவிடும். மழையும் வெயிலும் தாங்காத சரக்கு.

நிலைத்து நிற்கிற குதிரை கிடைத்த பிறகும், நிலைக்காத ஒன்றை ஆண்டுதோறும் கொடுக்கிற வழியை அந்த ஊர் விடவில்லை. மாசி என்பது அறுவடைக் காசு கையில் இருக்கிற மாதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், புரவி எடுப்பில் பார்த்த அதே கணக்கு இங்கேயும் ஓடுவது தெரியும்.

வேளார் வீடுகளின் நிலைமைக்கு வருவோம். 2023-இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம், பானை, அகல் விற்கிறவர்களுக்கு அது உதவும். பிடிமண் வாங்கிச் செய்கிற குதிரைக்குப் புவிசார் குறியீட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அது சந்தைக்கே வராத பொருள். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் வாசலிலும் தோட்டங்களிலும் நிற்கும் மண்குதிரைகள் வேறு கணக்கு. சென்னை முட்டுக்காட்டுக்கு அருகே 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் அய்யனார் குதிரைகளைப் பார்க்கலாம். அங்கே அவற்றை உடையாமல் பாதுகாக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கு அதுதானே வேலை.

மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு வேலை நடக்காத மழை மாதங்களை ஈடுகட்ட ஆண்டுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் காணும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைவிட உருப்படியான மாற்றம் 2024-இல் வந்தது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய், ஏரிகளிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று விதி எளிமையாக்கப்பட்டது. அதற்கு முன்பு மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியிருந்தது. கண்மாய் வற்றிக் கிடப்பதே சில மாதம்தான் என்பதால், அனுமதி தள்ளிப்போவதும் கிடைக்காமல் போவதும் வேளாருக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

மண் கிடைத்தாலும் விறகு விலை, திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிள்ளைகள், சூளை பிரித்துப் பார்க்கும்வரை நிச்சயமில்லாத வருமானம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதனால் பல இடங்களில் குதிரையின் உயரம் குறைந்து வருகிறது. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற உருவம் இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. சின்னக் குதிரைகளைச் சாதாரணச் சூளையில் ஒன்றாக அடுக்கிச் சுடலாம், ஒன்று வெடித்தாலும் மற்றது பிழைக்கும், விலையும் நேர்ந்துகொண்டவர் தாங்குகிற அளவில் இருக்கும். நேர்த்திக்கடன் புரவிகள் இதனால் குறையவில்லை. எடுப்பு நாளன்று வெளியூரிலிருந்து வந்து ஆளுக்கு ஒன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். மந்தையில் கூடிப் பிடிமண் கொடுத்து, பத்துப் பேராவது தோள் கொடுத்துத் தூக்க வேண்டிய பெரிய புரவிக்குத்தான் செய்கிற கையையும் சுமக்கிற தோளையும் தேட வேண்டியிருக்கிறது.